மிஸ்திரிக்கு மூன்று வாய்ப்பு

ஸ்டேஷன் டீக்கு நன்றி, அகிலா மேடம். சர்க்கரை கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போடுவார்கள் என்பதால் குடித்துவிட்டேன்.

"இன்ஜினியரிங் படிச்ச பொண்ணுதானே, டெக்னிக்கலா ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா. தமிழ்லயே எழுது, நான் ஹிந்தியில மாத்திக்கிறேன்" என்றீர்கள். ஒரு பக்கத்துக்குள் முடியாது. ஈஸ்வரன் மாமா எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினீர்கள். 'தண்ணீர் பம்ப் கெட்டிருந்தது. தெரிந்தும் வண்டியை எடுத்துப் போகச் சொன்னேன். சண்முகம் அண்ணன் கண் போனதற்கு நானே பொறுப்பு.' அதன் அடியில் 'பார்த்தேன், சரி' என்று ஒரு கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம். போட முடியாது மேடம். அதில் தகவல் பிழை இருக்கிறது. பம்ப் நன்றாகவே வேலை செய்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பா சண்முகம் பதினெட்டு வயதில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். லாரியில் கிளீனராக இருந்து, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வண்டி வாங்கினார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அதை ஓட்டித்தான் என்னை மெயின்லேண்டுக்கு அனுப்பி நான்கு வருடம் மெக்கானிக்கல் படிக்க வைத்தார். ஒவ்வொரு லீவுக்கும் மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து போனேன். என் வகுப்பில் அறுபத்திரண்டு பையன்கள், நான்கு பெண்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதி உண்டு என்பது பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

பட்டம் வாங்கி வந்த வருடம் எங்கள் ஊர்க்காரர்கள் பொங்கல் விழாவில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மரப்பலகையில் பித்தளைத் தகடு. தகட்டில் 'சங்கவி, பி.இ.' என்று வெட்டியிருந்தது. மேடையில் அதை எனக்கு வழங்கியவர் ஈஸ்வரன் மாமா. படிப்பு ஐந்தாம் வகுப்பு. டாலிகஞ்சில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அவர் கையால்தான் வழங்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். மாமா மைக்கைப் பிடித்து, "நம்ம சங்கவி எத்தனையோ எஞ்சினைப் படத்துல பாத்துருக்கு. இனிமே ஒண்ணையாச்சும் நேர்ல பாக்கணும்னு வாழ்த்துறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாதான் அதிகம் சிரித்தார்.

மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. ஊருக்கே அவர் மிஸ்திரி. வண்டிக்கு மட்டும் மிஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் பிள்ளைக்குப் பேர் வைப்பது, ஊரில் நிலம் வாங்குவது, பல் பிடுங்குவது, எதுவானாலும் "மிஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்". எனக்கு வந்த முதல் வரனை வேண்டாம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். மாப்பிள்ளை பைக்கை இரண்டாவது கியரில் கிளப்பினானாம். அந்த முடிவு எனக்கும் சம்மதம். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவரிடமே வேலை கேட்டும் பார்த்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. மின்னி பேயில் இரண்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டு, வருகிற அரசாங்கப் பரீட்சையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எடுத்துக்கலாம் தாயி. ஆனா நீ வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தா ரோட்டுல போறவன் பூரா பிரேக் போடுவான். ஏற்கெனவே இங்க ஜாம். உனக்கு எழுத்து அழகா இருக்குமாமே, நமக்கு ஒரு போர்டு எழுதிக் குடேன்." எழுதிக் கொடுத்தேன். மூன்று மொழியில், பிழையில்லாமல். இன்றும் ஷெட் வாசலில் தொங்குகிறது.

இனி வண்டிக்கு வருகிறேன்.

போன பிப்ரவரியில் அது முதல் தடவை சூடானது. அது தானாக வந்த பழுது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாமா வண்டி பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ரேடியேட்டர் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் தடவிப் பார்ப்பார். உப்பா, துருவா, ஆயிலா என்று ருசியே சொல்லிவிடுமாம். சுற்றி நிற்பவர்கள் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்ததுபோல வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அன்று "உப்பு" என்றார். வெயில் காலத்தில் எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். கிடைக்கிற கிணற்றுத் தண்ணீரைத்தான் வண்டிக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பு இருக்கிறது என்று சொல்ல நாக்கு வேண்டாம்.

சூட்டில் பக்கத்து பாட்டிலுக்கு வழிந்துபோன தண்ணீர் எஞ்சின் ஆறின பிறகும் ரேடியேட்டருக்குத் திரும்பவில்லை என்பதை நான் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, உள்ளே அழுத்தம் நிற்கவில்லை, அதனால்தான் சீக்கிரம் கொதிக்கிறது என்று சொன்னேன். நூறு ரூபாய்ச் சமாசாரம்.

மாமா அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். வண்டியை அவர்கள் இருவரும் காடி என்பார்கள். "அண்ணே, இவுக காலேசுல காடிக்குக் காய்ச்சல் பாக்குறப்ப தெர்மாமீட்டரை வாயில வைப்பாகளா, அக்குள்ல வைப்பாகளா, கேட்டுச் சொல்லு."

"சும்மா இரு பாப்பா" என்றார் அப்பா. "மிஸ்திரி பாத்துக்குவார்."

மிஸ்திரி பதினோரு நாள் பார்த்துக்கொண்டார். பெல்ட் மாற்றினார், ஃபேன் மாற்றினார். பன்னிரண்டாம் நாள் மூடியை மாற்றினார். வண்டி சரியாகிவிட்டது. டீக்கடையில் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "படுத்தா தூக்கமே வரல. காடியையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். திடீர்னு பொறி தட்டுச்சு, அட, மூடியில்ல." அப்பா ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்து முதல் துண்டை மாமா வாயில் ஊட்டினார். என்னைப் பார்த்து, "பாத்தியா பாப்பா, அனுபவம்னா இதுதான்" என்றார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நல்ல ஜிலேபி.

எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதிய பரீட்சைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், முந்நூறைத் தாண்டியது. பாஸ் போட்டவர்கள், ஃபெயில் போட்டவர்கள், எல்லோரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். ஈஸ்வரன் மாமா ஒரு பரீட்சைகூட எழுதியதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று யாருமே சோதித்ததில்லை. ஒரு சமூகத்துக்கு இது நல்லதல்ல.

ஏப்ரலில் வண்டி மறுபடி சூடானது.

இந்த முறை அறிகுறிகள் சுவாரஸ்யமானவை. டெலானிபூர் மேடு, பஜார், ஏர்போர்ட் எல்லாம் சுற்றினால் ஒன்றும் ஆகாது. ஆள் ஏற்றிக்கொண்டு ஃபெரார்கஞ்ச் பக்கம் ஏற்றத்தில் போனால் சூடு காட்டும் முள் மேலே ஏறும். நிறுத்தினால் மெதுவாக இறங்கும். மூடி புதிது, தண்ணீர் குறையவில்லை, ஒழுகல் இல்லை. சிந்திக்கத் தெரிந்தவருக்கு இது போதும். தண்ணீர் இருக்கிறது, ஆனால் போதுமான அளவு ஓடவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ தடை. கல்லூரியில் இரண்டாம் வருட மாணவனே சொல்லிவிடுவான்.

மாமா காதை வைத்தார், நாக்கை வைத்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "இதெல்லாம் பனி பெய்ற ஊருக்கு. நமக்கு எதுக்கு" என்றார். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து வைத்து, பிறகு திறந்துவிடும் கருவி அது. வெயில் ஊர் மிஸ்திரிகள் பலருக்கும் அதன்மேல் ஒரு வெறுப்பு உண்டு. அது முதல் வாய்ப்பு. வண்டி பத்து நாள் கழித்து மறுபடி சூடானது.

எனக்குப் பதில் தெரிந்திருந்ததா என்று கேட்பீர்கள். தெரியும். கேள்வித்தாள் தயாரிப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் தண்ணீரின் ஓட்டத்தை அளப்பதற்குக் குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு வைப்போம். நடுவில் ஒரு துளை இருக்கும். துளையின் அளவுக்கேற்ப ஓட்டம் குறையும். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. நான்கு வருடம் படித்ததில் முதல்முறையாக அந்தச் சூத்திரம் எனக்குப் பயன்பட்டது. ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் இருக்கிறது. கீழ்க் குழாய் என்போம். அதன் எஞ்சின் பக்கத்து முனையில் அந்தத் தகட்டை உட்கார வைத்தேன். ஊருக்குள் ஓடினால் தெரியக் கூடாது, ஏற்றத்தில் தெரிய வேண்டும். அதற்கு எத்தனை மில்லிமீட்டர் துளை என்று இரண்டு நாள் கணக்குப் போட்டேன். முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது.

தகடு வேறெங்கும் கிடைக்கவில்லை. கேடயத்திலிருந்து வெட்டிக்கொண்டேன். பித்தளை என்பதால் துருப் பிடிக்காது. அந்தக் குழாயைக் கழற்றுகிற யாரும் என் பெயரில் மூன்று எழுத்தை வாசித்திருக்கலாம். ஒளித்து வைப்பவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. முள் ஏறினால் அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். முப்பது வருட டிரைவர். மாமா கண்டுபிடிக்க வேண்டும், அல்லது எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அன்றே எடுத்துவிடுவதாக இருந்தேன். பத்து நிமிட வேலை.

மூன்று வாய்ப்பு கொடுத்தேன். எங்கள் யூனிவர்சிட்டியில்கூட அவ்வளவு தாராளம் கிடையாது.

இரண்டாவது வாய்ப்பில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். கீழ்க் குழாயை ரேடியேட்டர் பக்கம் மட்டும் கழற்றினார். எஞ்சின் பக்கத்து முனையிலிருந்து ஒரு முழ தூரத்தில் அவர் கை இருந்தது. நான் அங்கேதான் நின்றேன். "என்ன தாயி, பரீட்சைக்குப் படிக்கலயா?" என்று கேட்டார். "நடந்துக்கிட்டு இருக்கு மாமா" என்றேன். வெல்லம் போட்ட பொரியை எனக்குப் பாதி கொடுத்தார். தனிப்பட்ட முறையில் அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

இதற்குள் வீட்டில் நிலைமை கொஞ்சம் இறுகியிருந்தது. வண்டி சூடாகிறது என்று தெரிந்ததும் ஹோட்டல்காரர்கள் அப்பாவைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அம்மா அமிர்தவல்லி முருகன் கோயிலுக்கு வண்டிச் சாவியை எடுத்துப் போய் வேலின் அடியில் வைத்து வாங்கி வந்தாள். அப்பா ராத்திரிச் சாப்பாட்டை ஒரு தோசையோடு நிறுத்திக்கொண்டார். "வயசாவுதுல்ல" என்றார். நான் கவனித்தேன். அடுத்த வாய்ப்பு சீக்கிரம் வர வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

மூன்றாவது முறை மாமா வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "பம்பு அண்ணே. தண்ணிய இழுத்து விடுற பம்பு. தேஞ்சு போச்சு" என்றார். சென்னைக்குப் போன் போட்டார். புதுப் பம்ப் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வரும் என்றார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை. ஊருக்குள் மட்டும் ஓட்டச் சொன்னார்.

தவறான விடை. ஆனால் இடம் கிட்டத்தட்டச் சரி. பம்பைக் கழற்ற வேண்டுமானால் கீழ்க் குழாயின் எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றியாக வேண்டும். தகடு கையில் விழும். தெரிந்து எழுதாமல் குருட்டாம்போக்கில் விழுகிற விடை அது. இருந்தாலும் போதும் என்று தோன்றியது. அப்பாவின் ஒற்றைத் தோசை என் கண்ணிலேயே நின்றது. மனசு இல்லாதவள் என்று என்னை நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போய் எடுத்துவிட்டேன்.

ஆமாம் மேடம், எடுத்துவிட்டேன். அடியில் பேசினை வைத்து, கிளாம்பைத் தளர்த்தி, குழாயை உருவி, தகட்டை வெளியே எடுத்தேன். வண்டியிலிருந்து வடிந்த தண்ணீர் பேசினில் இருந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு சொட்டும் வீணாகவில்லை. தகடு என் உள்ளங்கையில் இருந்தது. அப்போது ஜன்னல் வழியாக அப்பாவும் அம்மாவும் பேசுவது கேட்டது.

"புதுப் பம்பு மாட்டினா சரியாப் போயிருமாங்க?"

"மிஸ்திரி சொல்லிட்டார்ல. கண்டுபிடிச்சுட்டாரு அமிர்தம். மனுசன் மூளையே மூளை. நம்ம பாப்பாவும் படிச்சுச்சு, நாலு வருசம். இப்படி ஒண்ணு, சொல்லத் தெரியுதா?"

"அது என்ன செய்யும், பொட்டப்புள்ள."

"அதில்ல. கை பழகணும். நான் மிஸ்திரிகிட்டயே சொல்லிட்டேன், பம்பு வந்து காடி நல்லா ஓடுச்சுன்னா மாலை போட்டு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்னு."

இங்கே நீங்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். தகட்டை எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை பம்ப் வரும், மாட்டுவார்கள், வண்டி அருமையாக ஓடும். ஊர் முழுக்க என்ன சொல்லும்? மிஸ்திரி பம்பைக் கண்டுபிடித்தார் என்று சொல்லும். நடக்காத ஒன்று வரலாறாகிவிடும். அதற்கு மாலையும் வேட்டியும். ஒரு தவறான விடைக்கு முழு மதிப்பெண் கிடைப்பதற்கு நான் துணை போக வேண்டியிருக்கும். அது நேர்மை இல்லை.

ஆகவே திருப்பி வைத்தேன். பழைய இடத்தில் இல்லை. பம்பைக் கழற்றினாலும் கண்ணில் படாதபடி குழாயின் நடு வளைவுக்கு, அம்மா தயிர் கடைகிற மத்தின் காம்பால் தள்ளிவிட்டேன். பேசின் தண்ணீரைத் திரும்ப ஊற்றினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். "என்ன பாப்பா, கையெல்லாம் கறுப்பு?" என்றார் அப்பா. "சும்மா பாத்தேன்பா" என்றேன். "காடில கை வைக்காத. மிஸ்திரி கோச்சுக்குவார்" என்றார். அதன் பிறகு நான் அதில் கை வைக்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவள்தான்.

செவ்வாய்க்கிழமைக் கப்பல் வரவில்லை. கடல் சரியில்லை, வியாழன் என்று தள்ளிப்போட்டார்கள். கப்பலுக்கு நான் பொறுப்பில்லை.

புதன்கிழமை பாராடாங் டிரிப் வந்தது. புனேயிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஐந்து பேர், சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்தில் வந்த முதல் நல்ல சவாரி. அப்பா முந்தின சாயங்காலமே ஷெட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

பாராடாங் பாதை உங்களுக்குத் தெரியும். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, முன்னும் பின்னும் போலீஸ் காவலோடு காட்டுக்குள் அனுப்புவார்கள். உள்ளே நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. அந்தக் காட்டில் வாழ்கிறவர்களை நாம் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்கான விதி. சரியான விதி. ஆனால் சூடாகிற வண்டிக்கு அந்த வழி ஏற்றதல்ல.

மாமா தலையைச் சொறிந்தார். "போகாம இருந்தா நல்லது அண்ணே. ஆனா ஒன் நெலமையும் எனக்குத் தெரியுது. ஏசி போடாத. முள்ளு ஏறுச்சுன்னா ஓரங்கட்டி அரை மணி விட்டுரு."

"உள்ள எங்கிட்டு ஓரங்கட்ட? நிக்க விடமாட்டானே."

"அப்ப ஒண்ணு செய்யி. ஒரு சாக்கை நனைச்சு வச்சுக்க. மூடி மேல போட்டு, கால் சுத்து மட்டும் திருப்பு. புஸ்ஸுனு மூச்சை விடும். விட்டப்புறம் தண்ணி ஊத்திட்டுக் கெளம்பு. நான் ஆயிரம் தடவ செஞ்சுருக்கேன்."

ஆயிரம் தடவை செய்திருப்பார். தளர்ந்த மூடிகளில் செய்திருப்பார். எங்கள் வண்டி மூடி புதிது. அழுத்தத்தை முழுசாகப் பிடித்து வைக்கும். அந்த மூடியைச் சொன்னவள் நான் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளே தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்துக்கொண்டிருக்கும். திறந்தால் மொத்தமும் ஒரே நொடியில் ஆவியாகும். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். மூன்றாவது வாய்ப்பு நடந்துகொண்டிருந்தது. பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளர் விடை சொல்லக் கூடாது. தவிர, யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காலையில் அப்பா கேட்டதால் சாக்கை நனைத்து மடித்து, தண்ணீர் கேனோடு வண்டியில் வைத்தவளும் நான்தான். "வரேன் பாப்பா. வரும்போது நண்டு வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்ததைப் புனே குடும்பத்துப் பெரியவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். அதை உங்களிடமும் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் பாதி தூரத்தில் முள் சிவப்புக்குப் போனது. அப்பா மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு எஞ்சினே நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன. காவல் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "மத் கோலோ பாய், டோ கர்கே லே ஜாயேங்கே" என்றார். திறக்காதே, கட்டி இழுத்துப் போகலாம் என்று நல்லதைத்தான் சொன்னார். அப்பா சிரித்தாராம். "ஹோ ஜாயேகா சாப். மேரா மிஸ்திரி போலா ஹை" என்றாராம். சரியாகிவிடும், என் மிஸ்திரி சொல்லியிருக்கிறார் என்று.

சாக்கைப் போட்டார். கால் சுற்றுத் திருப்பினார். முகத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தில் யாருக்கும் காயமில்லை. அவர்களுடைய சின்னக் குழந்தைதான் அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டுப் பயந்து இரண்டு நாள் பேசவில்லையாம்.

மெயின்லேண்டிலும் காட்டிவிட்டோம். வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், ஆள் தெரியாது, இனி அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாள் அப்பா, "பாப்பா, நீ படிச்சவ. நீ சொல்லு, எதனால இப்படிச் சூடாச்சு?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்த இடத்தில் டெக்னிக்கலாகப் பேச முடியாது.

ஷெட்டை மூடிவிட்டார். தினமும் கஞ்சி வைத்து எடுத்து வந்து அப்பாவுக்கு ஸ்பூனால் ஊட்டுகிறார். இப்போதுகூட வெளியே உங்கள் பெஞ்சில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "தாயி, மாமாவைக் காப்பாத்தணும்னு எதையும் மாத்தி எழுதாத. பம்பு கெட்டதுன்னு தெரிஞ்சும் அனுப்புனேன். உள்ளதை எழுது" என்றார்.

உள்ளதை எழுதுகிறேன். பம்ப் கெடவில்லை. இது அவருடைய நான்காவது தவறான கணிப்பு, அதையும் உங்கள் முன்னால் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறார். வண்டியைப் பார்த்துவிட்டுப் போன இன்ஷூரன்ஸ் சர்வேயரும் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு பம்ப் என்றே எழுதிவிட்டார். ஆறு வாரமாக வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்பக்கம் நிற்கிறது. எத்தனையோ பேர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கை அந்தக் குழாய்க்குப் போகவில்லை. நான் இதை எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், எதனால் சூடானது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அப்படி ஒரு தவறான அறிக்கைக்கு அடியில் என் பெயர் இருக்கக் கூடாது.

சுருக்கமாக: தகட்டை வைத்தவள் நான். எடுத்தவள் நான். திருப்பி வைத்தவளும் நான். மற்ற பொறுப்பை நீங்கள் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் மாமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று தடவை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை உடனே ஹிந்தியில் மாற்ற வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்கும் ஈஸ்வரன் மாமாவை வண்டியிடம் கூட்டிப் போய், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்கள். எதைத் தேட வேண்டும் என்று சொல்லாதீர்கள். நானும் வாயைத் திறக்க மாட்டேன். இன்னொரு வாய்ப்பு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் காதை வைக்கட்டும், நாக்கை வைக்கட்டும், கடைசியில் முடியவில்லை என்று சொல்லட்டும். பிறகு நான் எடுத்துக் காட்டுகிறேன்.

அப்பாவையும் ஒரு ஆட்டோ வைத்து அழைத்து வாருங்கள். யார் கண்டுபிடித்தது என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.